இரண்டு கூலிக்காரர்கள்

அன்புள்ள ஐயா,

நான் பிறப்பிலேயே கிறிஸ்தவன். ஐம்பது வயதாகிறது. 'முயற்சி திருவினையாக்கும்' என்று கேட்டு வளர்ந்தவன். படிப்பு, வேலை, வீடு எல்லாம் அப்படித்தான் வந்தன. பக்தியையும் அப்படியே நடத்தினேன்: வாராவாரம் உபவாசம், தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை), விடிகாலை ஜெபம். ஆறு வருடமாக ஒரு நோட்டு வைத்து, அன்றன்று செய்த பாவங்களை இரவில் எழுதுகிறேன். பட்டியல் குறையவே இல்லை. போதகரிடம் சொன்னால் 'கிருபையைச் சார்ந்துகொள்ளுங்கள்' என்கிறார். எப்படி என்று கேட்டால் அதே வாக்கியத்தைத்தான் திரும்பச் சொல்கிறார். எல்லாம் கிருபை என்றால் நான் செய்வதற்கு என்னதான் இருக்கிறது? தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே சில இரவுகளில் தோன்றுகிறது. என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் போதகர் சொன்னது சரிதான். ஆனால் தண்ணீரில் தத்தளிப்பவனிடம் கரையில் நின்றுகொண்டு 'மிதந்தால் போதும்' என்று சொல்கிற மாதிரியான சரி அது.

நோட்டிலிருந்து தொடங்குகிறேன். இயேசு சொன்ன கதையில் தேவாலயத்துக்கு ஜெபம்பண்ணப் போன பரிசேயனும் (மதச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடிக்கிறவன்) ஆயக்காரனும் (ஊரார் பாவி என்று ஒதுக்கிய வரி வசூலிப்பவன்) உங்களுக்கு மனப்பாடமாக இருப்பார்கள். பரிசேயனை நாம் சுலபமாகத் திட்டிவிடுகிறோம். அவனுடைய ஜெபமோ 'தேவனே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்' என்று நன்றியோடுதான் தொடங்குகிறது. வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், சம்பாத்தியத்தில் தசமபாகம் என்று அவன் சொன்னதில் பொய் இருந்ததாகவும் தெரியவில்லை. பேச்சு மட்டும் முழுக்க அவனைப் பற்றியதாக இருந்தது. ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டு, 'பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்' என்றான். அதோடு சரி, தேவன் ஏற்றுக்கொண்டவனாக வீட்டுக்குப் போய்விட்டான். என்னென்ன பாவம் என்று பட்டியல் வாசிக்கவில்லை.

பட்டியல் வைத்திருந்தவன் பரிசேயன்தான். அவன் வரவை எழுதினான், நீங்கள் செலவை எழுதுகிறீர்கள். கணக்கு என்னவோ இரண்டு பேருக்கும் 'நான்' என்ற பெயரில்தான் இருக்கிறது. கடுமையாகச் சொல்வதாக நினைக்காதீர்கள், நானும் வருடக்கணக்கில் இப்படி எழுதியவன். (மனசுக்குள்ளே. நோட்டு போடுகிற அளவுக்கு ஒழுங்கு எனக்குக் கிடையாது.)

1505இல் எர்ஃபர்ட் நகரில் அகஸ்தீனிய மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூதருக்கும் (பின்னாளில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கியவர்) இதே வியாதி இருந்தது. குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் அவருக்கு ஆறு மணி நேரம் வரை நீண்டதுண்டு. முடித்துவிட்டு வந்தால் விட்டுப்போன ஒன்று ஞாபகத்துக்கு வரும். அவருக்கு ஆலோசகராக இருந்த ஸ்டௌபிட்ஸ், உன்னையே துருவிக்கொண்டிருக்காதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டார். பிறகு 1515-16இல், பைபிளில் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, பாவத்தில் இருக்கிற மனிதனைத் 'தனக்குள்ளேயே வளைந்தவன்' என்று லூதர் வர்ணித்தார். பெருமைப்படுகிறவன் மட்டும் வளைந்திருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். தன்னையே நொந்துகொண்டிருக்கிறவனும் அதே அளவு வளைந்துதான் உட்கார்ந்திருக்கிறான்.

லூதரைச் சொன்னதால் இது ஒரு சபையின் சரக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லிசியே மடத்துக் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி தெரேசா 1895இல் எழுதிய அர்ப்பண ஜெபத்தில், இந்த வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு உம்முன் வருவேன், என் செயல்களை எண்ணிப் பார்க்கக் கேட்கவில்லை என்கிறார். இரண்டு வருடம் கழித்து, 24 வயதில் இறந்துபோனார். நம் தகுதியால் அல்ல, கிருபையால்தான் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று கத்தோலிக்கரும் லூதரன்களும் சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட 1999 அக்டோபர் 31 வரை ஆனது தனிக் கதை.

சார்ந்துகொள்வது எப்படி என்று கேட்டீர்கள். பைபிளில் லூக்கா 15ஐ எடுத்து, சொத்தில் தன் பங்கை வாங்கிப் போய் அழித்துவிட்டுப் பன்றி மேய்த்த கெட்ட குமாரன் வீட்டுக்கு வருகிற இடத்தை மெதுவாகப் படியுங்கள். பன்றித் தொழுவத்திலேயே அவன் பேச்சைத் தயார்செய்துவிடுகிறான். பாவம் செய்தேன், உம்முடைய குமாரன் என்று சொல்லப்பட நான் பாத்திரன் அல்ல, கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்திருப்பான். அப்பா ஓடிவந்து கட்டிக்கொண்ட பிறகு பேச்சைத் தொடங்குகிறான். ஆனால் 'பாத்திரன் அல்ல' என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கூலிக்காரன் சமாச்சாரம் வாயிலிருந்து வரவே இல்லை. அதற்குள் அப்பா அங்கியையும் மோதிரத்தையும் கொண்டுவரச் சொல்லி வேலைக்காரர்களை விரட்டத் தொடங்கிவிட்டார்.

வெளியே நின்று கோபித்துக்கொள்கிற மூத்தவன் என்ன சொல்கிறான்? 'இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து...' கிரேக்க மூலத்தில் அது அடிமை வேலையைக் குறிக்கிற சொல். ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கிடைக்கவில்லை என்று கூலிப் பாக்கியைக் கேட்கிறான். ஆக, தம்பி கூலியாளாகச் சேரப் பார்த்தான். அண்ணன் வீட்டை விட்டுப் போகாமலே கூலியாளாகிவிட்டான். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. அவனையும் அந்த அப்பா வெளியே வந்து வருந்தி அழைக்கிறார், 'மகனே' என்கிறார். கைவிட்டுவிட்டாரோ என்று நீங்கள் பார்க்க வேண்டிய இடம் இது. அப்பாவின் மனசு பிள்ளையின் கணக்கு நோட்டில் இருக்காது.

இதை நான் படித்ததைவிடப் பார்த்தது அதிகம். பக்கவாதம் வந்து என் அம்மா படுத்திருந்தபோது நான்தான் ஊட்டிவிட்டேன். எல்லாருக்கும் ஊட்டியே பழகிய கை அம்மாவுடையது. முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு வாய்க்கும் முன்னால், குழறலாக, 'உனக்குத்தான் சிரமம்' என்பார். சில சமயம் போதும் என்று பொய் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூன்றாவது வாரம் ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

சரி, செய்வதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி. கிருபை பெருகட்டும் என்று பாவத்தில் இருந்துவிடலாமா என்று பவுலே கேட்டு, 'கூடாதே' என்று முடித்துவிட்டார். விருந்துக்கு மறுநாள் அந்தத் தம்பி வயலுக்குப் போயிருப்பான் என்பது என் ஊகம். அப்பாவின் வயல்தானே, கூலி பேசவேண்டியதில்லை. நீங்களும் உபவாசத்தையோ தசமபாகத்தையோ விடவேண்டாம். நோட்டை மட்டும் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். இரவில் ஆயக்காரனின் அந்த ஒரு வரி போதும்.

அப்புறம், உங்கள் மின்னஞ்சல் வந்த நேரம் இரவு இரண்டேகால். இன்றைக்காவது சீக்கிரம் படுங்கள்.