எழவு கேட்பது

அன்புள்ள ஐயா,

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் அப்பா தவறிவிட்டார். ஆபீஸ் வாட்ஸப் குழுவில் நண்பர் பெயரைப் போட்டு ‘ஆழ்ந்த அஞ்சலி’ என்று எழுதினேன். ஒரு மூத்தவர் போன் செய்து, அஞ்சலி இறந்தவருக்குத்தானே, இருக்கிற மகன் பெயரைப் போட்டு எழுதலாமா என்று கடிந்துகொண்டார். அன்று ராத்திரி என் ஆச்சி, ‘எழவு கேட்கப் போனியா?’ என்றாள். பக்கத்தில் இருந்த மனைவிக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. எதைத்தான் சொல்வது?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூத்தவர் சொன்னது சரி. அஞ்சலி என்றால் இரு கை கூப்புவது. சாவில் அது இறந்தவரைப் பார்த்துச் செய்வது. அனுதாபம் இருப்பவர்களுக்கு. ‘அப்பாவின் மறைவுக்கு என் இரங்கல்’ என்று எழுதியிருந்தால் ஒரு சிக்கலும் இல்லை.

ஆனால் உங்கள் ஆச்சி சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். இழ என்பதிலிருந்து வந்தது இழவு, அதாவது இழப்பு. அழுகை எதனால் வரும் என்று தொல்காப்பியம் நான்கு சொல்கிறது, ‘இளிவே இழவே அசைவே வறுமை’ என்று. அவமானம், இழப்பு, தளர்ச்சி, வறுமை. அந்த இழவுதான் ஆச்சி வாயில் எழவு. கோபத்தில் ‘என்ன எழவோ’ என்று சொல்லிச் சொல்லி நாம்தான் அதை வசைச்சொல் ஆக்கிவிட்டோம்.

ஒப்பாரியும் அப்படித்தான். இன்று சும்மா புலம்புகிறவனைக்கூட ‘ஒப்பாரி வைக்காதே’ என்கிறோம். 1071ஆம் குறளில் ‘அவரன்ன ஒப்பாரி யாங்கண்ட தில்’ என்று வருகிறதே, அங்கே அதற்குப் பொருள் ஒப்புமை. சாவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு, போனவரைத் தேருக்கும் சந்திரனுக்கும் ஆலமரத்துக்கும் ஒப்பிட்டுத்தானே அழுகிறார்கள்? ‘ஒப்பு வைத்து அழுவது’ என்றே எங்கள் பக்கம் சொல்வார்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஆச்சி சொன்ன இரண்டாவது சொல், ‘கேட்க’. திருநெல்வேலிப் பக்கம் துட்டி கேட்பார்கள், இன்னும் சில ஊர்களில் கேதம் கேட்பார்கள், பொதுவாகத் துக்கம் விசாரிப்பது என்போம். எல்லாவற்றிலும் போகிறவர் கேட்கத்தான் போகிறார், சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. புறநானூற்றில் இறந்தவரை நினைத்துப் பாடும் பாட்டுக்குக் கையறுநிலை என்று பெயர். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கை அற்றுப்போன நிலை. அப்படி ஒரு பாட்டில், பெருஞ்சாத்தன் என்ற வீரன் செத்த பிறகு புலவர் குடவாயிற் கீரத்தனாரும் முல்லையைப் பார்த்து, ஒல்லையூர் நாட்டில் நீயும் பூத்தாயோ என்று கேட்கத்தான் செய்கிறார்.

என் அம்மா இறந்தபோது வந்தவர்கள் எல்லாரும் ‘எப்படி ஆச்சு?’ என்றுதான் கேட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது, நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டேன். சாயங்காலம் ஆக ஆக, காலையில் அவள் காபி ஆற்றியதிலிருந்து தொடங்கி, டம்ளரைக் கீழே வைத்தது, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது என்று ஒவ்வொருவரிடமும் முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனையாவது ஆளிடமோ சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தக் கேள்வியை எந்தக் குறுஞ்செய்தியும் கேட்டுவிட முடியாது, அதில் எந்தச் சொல்லைப் போட்டாலும்.

அதனால் குழுவில் எழுதியதை அப்படியே விடுங்கள். பதினாறு முடிவதற்குள் நண்பர் வீட்டுக்கு ஒரு நடை போங்கள். கை கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கிறவரைக்கும் இருங்கள். அப்புறம், கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். துக்க வீட்டில் அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை, பேசாமல் எழுந்து வந்துவிடலாம்.