சின்ன வயதில் வீட்டில் பட்ட வலியைக் குறியீட்டு ஓவியமாக வரைவது எப்படி?

அப்பா அம்மாவை நேரடியாக வரைய மனம் வரவில்லை, உடைந்த இதயம், முள்வேலி என்று போட்டால் போலியாகத் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். போலி என்று உங்களுக்கே உறைத்தது நல்ல விஷயம். முள்வேலியையும் கூண்டுப் பறவையையும் ஆயிரம் பேர் வரைந்துவிட்டார்கள். அவற்றில் உங்கள் வீடு இல்லை.

வீட்டில் சண்டை நடக்கும்போது குழந்தைகள் பெரியவர்களின் முகத்தையா பார்த்துக்கொண்டிருக்கும்? பாய், கதவு இடுக்கு, காலண்டர் என்று வேறு எதையாவதுதான் பார்க்கும். அப்போது உங்கள் கண் எங்கே இருந்தது என்று யோசியுங்கள். அதுதான் உங்கள் குறியீடு.

என் அப்பா குடித்துவிட்டு வரும் இரவுகளில் கையில் கிடைத்தது பறக்கும். பெரும்பாலும் எவர்சில்வர் சொம்பு. காலையில் அம்மா அதற்குள் கரண்டிக் காம்பை விட்டுத் தட்டி ஒடுக்கு எடுப்பார். முழுசாக எடுபடாது. அதே சொம்பில்தான் நாங்கள் தண்ணீர் குடிப்போம், யாரும் எதுவும் பேச மாட்டோம். கேன்வாஸ் நிறைய அந்தச் சொம்பை மட்டும் அக்ரிலிக்கில் வரைந்தேன். ஒடுக்கு விழுந்த இடத்தில் சமையலறை டியூப்லைட் இரண்டாக முறிந்து தெரியும். அந்த முறிவை வரையத்தான் அதிக நேரம் பிடித்தது. வெள்ளைக்குப் பக்கத்தில் பச்சை கலந்த சாம்பல் நிறத்தை வைத்ததும்தான் தகடு உள்வாங்கியது தெரிந்தது. படத்தில் அப்பா இல்லை. அக்கா பார்த்துவிட்டு, "இதுலதான தண்ணி குடிச்சோம்" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க்கைக் கட்டாயம் பாருங்கள். 'அலறல்' வரைந்தவர். ஐந்து வயதில் அம்மாவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். 1877இல் அக்கா சோஃபியும் 15 வயதில் அதே நோயில் போனார். 1893இல் அந்த மரண அறையை வரைந்தபோது, குடும்பத்தாரை அன்றைய சிறுவர்களாக அல்ல, வரையும்போது இருந்த வயதிலேயே நிற்க வைத்தார். சாகும் அக்கா நமக்கு முதுகு காட்டும் நாற்காலியில் இருக்கிறார், முகமே தெரியாது. எனக்கு அந்தப் படத்தில் பெரிய விஷயம் இந்த வயதுதான். 16 வருடம் ஆகியும் யாரும் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை என்று அது சொல்கிறது. நீங்களும் உங்களைக் குழந்தையாகத்தான் வரைய வேண்டும் என்றில்லை.

அதே அக்காவின் நோயை நினைத்து வரைந்த 'நோயுற்ற குழந்தை' படத்தில் முங்க் பெயின்டைச் சுரண்டிச் சுரண்டி மறுபடி பூசியிருக்கிறார், அந்தக் கீறல்களை மறைக்கவும் இல்லை. அதே காட்சியை 40 வருடங்களுக்கு மேல் திரும்பத் திரும்ப, ஆறு ஓவியங்களாக வரைந்தார். அதனால் ஒரே படத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட அவசரப்படாதீர்கள்.

அப்புறம், வீட்டாருக்குக் காட்டியே ஆக வேண்டும் என்றில்லை. வரைய வரையத் தூக்கம் கெட்டாலோ மூச்சு முட்டினாலோ பிரஷைக் கீழே வைத்துவிட்டு ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். இந்தியாவில் இருந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.