ஷெல் தழும்பின் மேல் டாட்டூ: யாரிடம் குத்துவது, எப்படி ஆற விடுவது?

கேள்வி: எனக்கு 26 வயது, ஊர் கிளிநொச்சிப் பக்கம். 2009இல் ஷெல் துண்டு பட்ட தழும்பு இடது மேற்கையில் இருக்கிறது. அதன் மேல் ஒரு பூங்கொடி டாட்டூ குத்த ஆசை. நம்பிக்கையான ஆளை எப்படித் தெரிவது? வீட்டில் வயல் வேலை, கிணற்றுக் குளிப்பு. புண் ஆறும்வரை எப்படிப் பார்த்துக்கொள்வது? நாலு மாதத்தில் கல்யாணம். அதற்குள் ஆறிவிடுமா?

பதில்: ஆளைத் தேட முதல் தழும்பை ஒருக்கால் வடிவாகப் பாருங்கள். தட்டையாக, மென்மையாக, அக்கம்பக்கத்துத் தோலின் நிறத்துக்குக் கிட்டவாக இருந்தால் நல்லது. தடித்துப் பளபளத்து, பழைய காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தால், இடைக்கிடை சொறியவும் தூண்டினால், அது கெலோயிட்டாக இருக்கலாம். அதில் ஊசி பட்டால் இன்னும் வளரும். எங்களைப் போன்ற கறுத்த தோலில் இது கூடுதலாக வரும்; தோள், மேற்கை, நெஞ்சு எல்லாம் அது விரும்பி வரும் இடங்கள். காது குத்திய இடம் எப்போதாவது உருண்டு தடித்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஆம் என்றால் டாட்டூவை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது, வன்னியில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: துண்டு வெளியே எடுக்கப்பட்டதா, உள்ளேயே இருக்கிறதா? அந்த நாட்களில் காயத்தைக் கழுவித் தைத்து அனுப்பியதோடு சரி என்று இருப்பவர்கள் எத்தனையோ பேர். தழும்புக்குக் கீழே கட்டியாக ஏதும் தட்டுப்பட்டால், அழுத்தும்போது குத்தினால், மாவட்ட வைத்தியசாலையில் காட்டி ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். தோலுக்குக் கிட்ட உலோகம் இருந்தால் அந்த இடத்தில் ஊசி வேண்டாம். பிற்காலத்தில் யாராவது எம்ஆர்ஐ ஸ்கேன் (பலத்த காந்தத்தால் எடுக்கும் படம்) எடுக்கச் சொன்னாலும் துண்டு இருப்பதை முதலில் சொல்லுங்கள். டாட்டூவை விட அதுதான் அங்கே பெரிய விஷயம்.

இது இரண்டும் சரி என்றால் ஆளைத் தேடலாம். டாட்டூ மை நிற்பது மேல்தோலில் அல்ல. ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில், உள்தோலில். தழும்பில் அந்த உள்தோல் ஒழுங்காக இருக்காது. ஓரிடத்தில் மை பரவும், இன்னோரிடத்தில் பிடிக்கவே பிடிக்காது. வலியும் அப்படித்தான்: ஒரு பக்கம் மரத்துக் கிடக்கும், மற்றப் பக்கம் உயிர் போகும். ஆகவே நல்ல தோலில் அழகாகக் குத்துபவர் எல்லோரும் தழும்பில் குத்தத் தெரிந்தவர்கள் இல்லை. அவர் தழும்பின் மேல் செய்த வேலைகளின் படங்களைக் கேளுங்கள். அன்றே எடுத்த படம் வேண்டாம், குத்திய அன்று எல்லாமே வடிவுதான். ஆறி ஆறேழு மாதம் போன பிறகு எடுத்த படம் வேண்டும். கொடியை எப்படிப் போடப்போகிறார் என்றும் கேளுங்கள். தழும்பின் விளிம்பையே கோடாக வரைந்தால் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். இலைகள் விளிம்பைக் குறுக்கே வெட்டிப் போனால்தான் கண் ஏமாறும். தழும்பைத் தொட்டும் பார்க்காமல் “ஒரு பிரச்சினையும் இல்லை, நாளைக்கே வாங்கோ” என்பவரிடம் போகாதீர்கள். முதலில் ஓரத்தில் நாலைந்து புள்ளி மட்டும் குத்தி, இரண்டு மூன்று மாதம் பார்ப்போம் என்பவரிடம் கையைக் கொடுக்கலாம்.

சுவரில் தொங்கும் சான்றிதழை நான் பெரிதாக எடுப்பதில்லை. வேறு ஒருவருக்குக் குத்தும்போது போய் இருந்து பாருங்கள். ஊசி ஒருதடவைப் பாவனைக்குரியதாக, முத்திரையிட்ட உறையில் இருக்க வேண்டும். திகதி பார்த்து, ஆளின் கண் முன்னே உடைக்க வேண்டும். மையைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, மிச்சத்தை வீச வேண்டும். போத்தலுக்குள் திரும்ப ஊற்றினால் எழும்பி வந்துவிடுங்கள். திரும்பப் பாவிக்கும் பிடிகள் இருந்தால் ஓட்டோகிளேவ் இருக்கிறதா என்று கேளுங்கள். அது அழுத்த நீராவியில் 121 பாகை செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கும் இயந்திரம். சுடுதண்ணீரில் அவிப்பதும் டெட்டோலில் ஊறப்போடுவதும் அதற்கு ஈடாகாது. கையுறையோடு கைபேசியை எடுத்துப் பேசிவிட்டு அதே கையுறையோடு திரும்பக் குத்துபவரையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மையில் என்ன தண்ணீர் கலக்கிறார் என்பதைப் பலர் கேட்பதில்லை. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் 2011 கடைசியில் 19 பேருக்கு டாட்டூ குத்திய இடத்தில் நாள்பட்ட தோல் தொற்று வந்தது. காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று. காரணம், கடைக்கு வர முதலே கிருமி கலந்திருந்த சாம்பல் நிற மை. ஐதாக்கப் பாவித்த, கிருமி நீக்காத தண்ணீரால் வந்திருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். கடை சுத்தம், ஊசி புதிது, ஆனாலும் வந்தது. ஆகவே குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ மைக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது.

இன்னொன்று: இலங்கையில் குழந்தைகளுக்கான ஹெப்பற்றைற்றிஸ் பி (இரத்தத்தாலும் உடலுறவாலும் தொற்றும் ஈரல் நோய்) தடுப்பூசி 2003இல்தான் தொடங்கியது. உங்கள் வயதுக்கு அது கிடைத்திருக்க வாய்ப்பில்லை. மூன்று ஊசி, ஆறு மாதத்துக்குள் முடியும். கல்யாணத்தையும் யோசித்தால், டாட்டூ குத்தாவிட்டாலும் அதைப் போட்டுக்கொள்வது நல்லது. ஏற்பூசியின் (டெட்டனஸ் ஊசி) கணக்கையும் ஒருக்கால் பாருங்கள்.

சரி, குத்தியாகிவிட்டது. அது ஒரு புண். புண்ணைப் போலவே பாருங்கள். அவர் சுற்றிவிட்டதை அவர் சொன்ன நேரத்தில் எடுத்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகு, வாசமில்லாத சவர்க்காரத்தால் மெதுவாகக் கழுவுங்கள். முதல் ஒரு கிழமை கொதித்து ஆறிய தண்ணீர். துவாயால் துடைக்காமல் சுத்தமான ரிஷூவால் ஒற்றி எடுத்து, வாசமில்லாத களிம்பை மினுக்கம் தெரியும் அளவுக்கு மட்டும் பூசுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று தரம் போதும். அப்பம்போல் அப்பினால் எங்கள் வெக்கையில் வியர்வை உள்ளே அடைபட்டுப் பரு போடும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் அன்பாகக் கொண்டுவந்து தருவார்கள். வாங்கிக் குசினியில் வைத்துவிடுங்கள். அயறு கட்டும், சொறி எடுக்கும். பிய்த்தால் மையும் சேர்ந்து வரும்.

கிணற்றடியில் கையை விலக்கிக் குளிக்கலாம். ஆனால் குளம், வாய்க்கால், கடல் மூன்று நான்கு கிழமைக்கு வேண்டாம், இரணைமடுவும் முல்லைத்தீவுக் கடற்கரையும் சேர்த்துத்தான். வயலுக்குள் இறங்கவே வேண்டாம். சேற்று நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், திறந்த புண் அதற்குத் திறந்த கதவு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சலில் ஆட்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். விதைப்பு, நாற்று நடுகை, அறுவடைக் காலங்களைத் தவிர்த்து நாள் குறியுங்கள். வெளியே போனால் தளர்வான பருத்திக் கைச்சட்டை போடுங்கள். ஆறாத புண்ணில் வெயில்தடுப்புக் களிம்பு பூசக்கூடாது, ஆறிய பிறகு பூசலாம்.

முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும் லேசான வீக்கமும் சாதாரணம். நாள் போகப் போகச் சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், கோடு போல் சிவப்பு மேலே ஏறினால் கடையில் குளிசை வாங்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். ஆறி மாதக்கணக்கில் போனபின் சிவப்பு மை போட்ட பகுதி மட்டும் தடித்துச் சொறிந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். மைகளில் சிவப்புத்தான் கூடுதலாக இந்தத் தொல்லை தரும். பூவுக்குச் சிவப்பு வேண்டுமா என்பதை இதையும் வைத்து யோசியுங்கள்.

நாலு மாதக் கணக்கு? சோதனைப் புள்ளிக்கே இரண்டு மூன்று மாதம் போய்விடும். குத்திய பின் மேல்தோல் ஆற மூன்று நான்கு கிழமை, உள்ளே முழுதாக ஆற இன்னும் சில மாதம், மை பிடிக்காத இடங்களுக்கு இன்னொரு தரம். கல்யாணத்துக்கு முன் முடியாது. தடுப்பூசியைத் தொடங்குங்கள், புள்ளியைக் குத்திப் பாருங்கள், மிச்சத்தைப் பிறகு வையுங்கள். கல்யாண நாளுக்குத் தழும்பு தெரியக்கூடாது என்றால் கைநீளச் சட்டையோ மேக்கப்போ போதும். “கறுப்பு மருதாணி” என்று சொல்லி அதன் மேல் எதையும் போட விடாதீர்கள். அதில் தலைமயிர்ச் சாயத்தின் இரசாயனம் கலந்திருக்கும், கொப்புளம் போட்டுப் புதுத் தழும்பு வந்தவர்கள் உண்டு.