கப்பற்படையும் ஆஸ்பெஸ்டாஸும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: லண்டன் அருகே முதியோர் இல்லம் ஒன்றில் பணிபுரிகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் கொதிகலன் அறையில் வேலை செய்த பெரியவர் ஒருவருக்குச் சில வாரங்களாக மூச்சு வாங்குகிறது. வயதுதான் காரணமா?

பதில்: வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். அக்காலப் போர்க்கப்பல்களில் நீராவிக் குழாய்களுக்கும் கொதிகலன்களுக்கும் வெப்பம் வெளியேறாதபடி ஆஸ்பெஸ்டாஸ் உறையைப் போர்த்தியிருந்தார்கள்; பழுது பார்ப்பதற்காக அதை உடைத்துப் பிரிக்கும்போதெல்லாம், கண்ணுக்குத் தெரியாத நார்த்துகள்கள் அந்தக் குறுகலான அறைக்குள் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அவை நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் தங்கி, மீசோதீலியோமா என்னும் புற்றுநோயாக வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் ஆகும். அதைத் தாண்டியும் வருவதுண்டு. மார்பின் ஒரு பக்கத்தில் மட்டும் நீர் கோத்திருந்தால் சந்தேகம் வலுக்கும். கடற்படையில் இருந்தார் என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கப்பலில், என்ன வேலை செய்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் எக்ஸ்ரே அதைச் சொல்லாது.

கேள்வி: அவர் நெடுங்காலம் புகைபிடித்தவர். அதனால் வந்திருக்கலாம் அல்லவா?

பதில்: மீசோதீலியோமாவுக்கும் புகைக்கும் தொடர்பில்லை. நுரையீரல் புற்றுநோய் வேறு. அதில் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். நான் வற்புறுத்திச் சொல்வது இதுதான்: நோயாளியே தன்னை நொந்துகொண்டு, பணிக்கால வரலாற்றைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: வேலை உடுப்பைத் துவைத்த மனைவிக்கும் வருமா?

பதில்: வரும். உடுப்பை உதறும்போது பறந்த தூசியே போதுமானதாக இருந்திருக்கிறது.

கேள்வி: இழப்பீடு கிடைக்குமா?

பதில்: 1987-க்கு முன் பணியில் நேர்ந்த பாதிப்புக்காகப் படைவீரர்கள் அரசின் மீது வழக்குத் தொடர முடியாதபடி அரசின் மீதான வழக்குகளை ஒழுங்குபடுத்தும் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் (Crown Proceedings Act) 10-ஆம் பிரிவு தடுத்தது, அதே கப்பலில் பழுது பார்த்த துறைமுகத் தொழிலாளி வழக்குத் தொடரலாம், மாலுமி முடியாது என்ற அந்த அநீதி என்னை இன்றும் வருத்துகிறது. முன்னாள் படைவீரர் அமைப்புகள் போராடியதன் பயனாக, 2016 ஏப்ரல் முதல் மீசோதீலியோமா உள்ளவர்கள் போர் ஓய்வூதியத்துக்குப் (படைப்பணியால் உடல்நலம் கெட்டவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை) பதிலாக 1,40,000 பவுண்டை ஒரே தொகையாகப் பெறும் வாய்ப்பு வந்தது. மனைவி இருப்பவர்கள், தமக்குப் பின் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஓய்வூதியத்தையும் கணக்கில் எடுத்து, ஆலோசனை கேட்ட பிறகே எதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நோய் உறுதியானதும் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: இந்நோயால் இறந்தால் விசாரணை நடக்கும் என்கிறார்களே?

பதில்: ஆம். பணியால் வந்த நோய் என்பதால் இங்கிலாந்தில் கொரோனர் என்னும் மரண விசாரணை அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். குடும்பத்தார் மீது சந்தேகம் என்று இதற்குப் பொருளில்லை. இறுதிச் சடங்குக்குச் சில நாள் கூடுதலாகலாம் என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.