சைகையை நிறுத்தினால் ஆங்கிலம் வருமா? – பினாங்கு அம்மாவுக்குப் பதில்

காது கேளாத மகளோடு சைகை மொழியில் பேசுவதை நிறுத்தினால் அவளுக்கு ஆங்கிலம் வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். அவள் ‘யெஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்’ என்று எழுதுவதற்குச் சைகைதான் காரணம் என்று டியூஷன் டீச்சர் சொன்னது சரியில்லை. சைகையைக் கைவிட்டால் இலக்கணத்தை விளக்கவே வழியிருக்காது.

மலேசியச் சைகை மொழியில் ‘நேற்று’ என்று ஒருமுறை காட்டினால் போதும், வினை மாறாது. மலாயும் அப்படித்தானே: ‘செமாலாம் சாயா பெர்கி’ (நேற்று, நான், போ). மலாய் பேசுவதை நிறுத்து என்று யாராவது சொல்கிறார்களா? போதாததற்கு, ஆங்கில வினையின் கடைசி ‘எட்’, ‘எஸ்’ எல்லாம் உதட்டசைவில் சரியாகத் தெரியாது. கண்ணால் எழுத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

இன்று ஒன்று செய்து பாருங்கள். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) போய்வந்த கதையை முழுக்கச் சைகையில் சொல்லச் சொல்லுங்கள். யார், எப்போது, ஏன் என்று கோர்வையாக வந்தால் கவலை வேண்டாம், எழுத்து வடிவம் மட்டும்தான் பாக்கி. அப்புறம் அவள் சொன்னதையே நாலு வரி ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுங்கள். ‘வெண்ட்’ வரும் இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடிட்டு, விரலெழுத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டுங்கள். பயிற்சித் தாள்களைவிட இது மேல்.

சைகையிலேயே தடுமாறினால் கதை வேறு. முதலில் சைகையில் சரளமான காது கேளாத பெரியவர்களோடு பழக விடுங்கள். பள்ளியில் மலாய்க் கைக்குறியீடு, அதாவது கேடிபிஎம், பயன்படுத்துகிறார்களா என்றும் கேளுங்கள். அது தனி மொழியல்ல, சைகைகளை மலாய் வாக்கிய வரிசையில் காட்டும் முறை; ஆங்கிலத்துக்கு அப்படியே பொருந்தாது.