‘ஜெர்மினல்’: சுரங்கத்தின் வாசலிலேயே நின்றுவிட்டவருக்கு

கேள்வி: பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஜோலாவின் ‘ஜெர்மினல்’ நாவலை இரண்டு முறை தொடங்கினேன். சுரங்க வர்ணனை நீண்டுகொண்டே போகிறது, மூடி வைத்துவிட்டேன். இருபது நாவல்கள் கொண்ட வரிசையில் ஒன்று என்கிறார்களே, முந்தையவற்றைப் படித்தால்தான் புரியுமா?

பதில்: தேவையில்லை. 1885இல் வெளிவந்த இந்த நாவல் அந்த வரிசையில் 13ஆவது என்றாலும் தனித்தே நிற்கிறது. வேலை தேடி மோன்சூ என்ற சுரங்க ஊருக்கு நடந்துவரும் கதாநாயகன் எத்தியேன், வரிசையின் வேறொரு நாவலில் வரும் சலவைக்காரி ஜெர்வேஸின் மகன். இதுகூடத் தெரியாமல் படித்தாலும் குறைவில்லை.

உங்களைத் தடுத்து நிறுத்திய பக்கங்களுக்கு வருவோம். அவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சுரங்கக் கூரை சரியாமல் தாங்கும் மர முட்டுக்கட்டைகளை மட்டும் கவனித்துக்கொண்டு படியுங்கள். சுரங்கத் தொழிலாளி மாயே ஒருக்களித்துப் படுத்தபடி நிலக்கரி வெட்டுகிறான். முப்பத்தைந்து டிகிரி வெப்பம். பாறையிலிருந்து சொட்டும் நீர் முகத்தில் ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருக்கிறது. கூலி, வெட்டிய நிலக்கரியின் வண்டிக் கணக்கில்தான். கூரைக்கு மரம் முட்டுக்கொடுக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. அதனால் அந்த வேலை தள்ளிப்போகிறது. பொறியாளர் வந்து பார்த்துவிட்டு அபராதம் போடுகிறார்.

பின்னர் நிர்வாகம் ஒரு ‘சலுகை’ தருகிறது: முட்டுக்கொடுக்கத் தனிக் கூலி, ஆனால் வண்டிக்கு 50 சென்டீமுக்கு (நூறு சென்டீம் ஒரு ஃபிராங்க்) பதில் 40தான். தொழிலாளர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். தனிக் கூலியால் எட்டு சென்டீம்தான் ஈடாகிறது, இரண்டு சென்டீம் நஷ்டம். வேலைநிறுத்தம் மூள்வது இந்தக் கணக்கில்தான். இதற்கிடையில் சரியாக முட்டுக்கொடுக்காத கூரை சரிந்து ஒருவர் சாகிறார், மாயேயின் சிறுவன் ழான்லேனின் கால்கள் முறிகின்றன. முதல் பாகத்தை அவசரமாகப் புரட்டியவருக்கு அது வெறும் விபத்தாகத்தான் தெரியும்.

எத்தியேனின் அரசியல் பேச்சு ஆங்காங்கே இழுக்கும். அங்கே வேகமாகப் படித்தால் தவறில்லை. அவனைவிட, கடன் கேட்டு அலையும் மாயேயின் மனைவிதான் என் கண்ணில் நாவலின் உயர்ந்த மனுஷி.

பெயர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். மாயே வீட்டிலேயே பத்துப் பேர். கதை நடப்பது 1866-67இல் என்பதையும் நினைவில் வையுங்கள். பிரான்ஸில் வேலைநிறுத்தம் செய்வது குற்றமல்ல என்று ஆனதே 1864இல்தான். தொழிற்சங்கங்களைச் சட்டம் ஏற்றது 1884இல். இது தெரிந்தால் ‘இவர்கள் ஏன் சங்கத்திடம் போகவில்லை’ என்ற கேள்வி எழாது. அந்த 1884 பிப்ரவரியில்தான் ஜோலா வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த வட பிரான்ஸின் அன்ஸான் நிலக்கரிப் பகுதிக்குப் போய், சுரங்கத்தில் இறங்கிப் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

மொத்தம் ஏழு பாகங்கள். முதல் பாகம் முழுக்க ஒரே நாளின் கதை. இரண்டு மூன்று நாள்களுக்குள் அதை முடித்துவிடுங்கள். வாரக்கணக்கில் இழுத்தால் மறுபடியும் மூடி வைத்துவிடுவீர்கள்.