ராத்திரியில் பல் வலி, காலையில் பல் எடுக்கப் போகிறோம்: என்ன செய்ய வேண்டும்?

உங்கள் கேள்வி: அப்பாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் திடீர் வலி, கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. நாளைக் காலை பல்லை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை எப்படிச் சமாளிப்பது, எடுத்த பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

நான் டாக்டர் இல்லை. தேனி மாவட்டம் கூடலூர்க்காரன். அம்மா இருபது வருஷத்துக்கும் மேலாக ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறார். விடிவதற்கு முன் ஜீப் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி, மலை ஏறி, குமுளிக்கு அந்தப் பக்கம், கேரளாவில் வேலை. போன வருஷம் அம்மாவுக்கு இதே கடைவாய்ப் பல்தான். அதில் பட்டதும் கற்றதும்தான் இந்தப் பதில்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அப்பாவால் வாயை நன்றாகத் திறக்க முடிகிறதா? எச்சில் விழுங்க முடிகிறதா? வீக்கம் தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம் இறங்குகிறதா? நாக்கு மேலே தூக்கினாற்போல் இருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, குளிர் காய்ச்சல் இருக்கிறதா, கண் மூடும் அளவுக்கு முகம் வீங்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம், பல் கிளினிக்கும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே எண்தான். கீழ்ப்பல்லின் சீழ் தாடைக்கு அடியில் பரவி மூச்சுக்குழாயையே நெருக்கிவிடும். 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்து எழுதியதால் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு இது வேகமாகப் பரவும் என்பதால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

அப்படி எதுவும் இல்லையென்றால் சரி, இந்த ராத்திரியைக் கடத்திவிடலாம். பல்லுக்குள்ளே இருக்கும் நரம்பு நாலு பக்கமும் கெட்டியான சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. வீங்க இடமில்லாமல்தான் அப்படி விண் விண் என்று தெறிக்கிறது. படுத்தால் தலைக்கு ரத்தம் அதிகம் வந்து வலி கூடும். அதனால் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து படுக்கட்டும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாக வாய் கொப்பளிக்கலாம் (இது பல்லை எடுப்பதற்கு முன்பு மட்டும்). மாத்திரை என்றால் பாராசிட்டமால், ஆறு மணி நேர இடைவெளி விட்டு. ஈரல் கோளாறு இருந்தால் அதையும் கேட்டுக்கொண்டுதான் தர வேண்டும். இபுபுரூஃபன் இந்த வலியை நன்றாகக் கேட்கும், ஆனால் சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் தராதீர்கள். அல்சர் உள்ளவர்களுக்கும் கூடாது.

வெளியே கன்னத்தில் சூடு ஒத்தடம் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் முதலில் செய்தது அதுதான். உள்ளே இருக்கும் சீழைச் சூடு வெளிப்பக்கம் இழுத்துவிடும் என்று பிறகு டாக்டர் சொன்னார். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கி வைக்கும் பழக்கமும் வேண்டாம், சதை வெந்துபோகும். கிராம்பு எண்ணெய் கொஞ்சம் மரக்கவைக்கும். ஆனால் தேங்காய் எண்ணெயில் கலந்து, ஒரு சின்னப் பஞ்சில் தொட்டுச் சொத்தையில் மட்டும் வைக்க வேண்டும். அப்படியே ஊற்றினால் ஈறு எரியும். அப்புறம் புகையிலை. அம்மாவும் கூட வேலை செய்கிற அக்காக்களும் வலிக்கிற பல்லில் போயிலைத் துணுக்கை அடக்கிக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்ப்பார்கள். மரத்துப்போவது உண்மை, ஆனால் அதற்குள் சொத்தை ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். வாய்ப் புற்றுக்கும் அதுவே வழி. அம்மா பல மாதம் அப்படித்தான் ஓட்டினார். எங்களிடம் சொல்லவே இல்லை.

மெடிக்கலில் வெட்டிக் கொடுக்கும் கலர் மாத்திரைகளை நம்பி நாளைய சந்திப்பைத் தள்ளிப் போடாதீர்கள். ஆன்டிபயாட்டிக் சீழ் பரவுவதைத் தடுக்கலாம், ஆனால் அழுகிய நரம்பு உள்ளே இருக்கும்வரை மூலம் அங்கேயேதான் இருக்கும். பல் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று யாராவது பெரியவர் சொன்னால் கேட்காதீர்கள். அது உண்மையே இல்லை.

இனி அம்மா கதை. சனிக்கிழமை ராத்திரி வலி, ஞாயிறு கன்னம் வீங்கியது. திங்கள் கூலி போய்விடும் என்று ஜீப் ஏறிவிட்டார். மதியம் தோட்டத்தில் தாங்க முடியாமல் போக, சூப்பர்வைசர் பக்கத்துக் கிளினிக்கிற்கு அனுப்பிப் பல்லை எடுத்தாயிற்று. அந்த டாக்டர் அன்பாகத்தான் பேசியிருக்கிறார், ஆனால் மலையாளத்தில். "குலுக்குழியருது" என்றார். கொப்பளிக்கக் கூடாது என்று அர்த்தம். அம்மாவுக்கு அந்த வார்த்தை தெரியாது. "நீரு வந்நா ஐஸ் வெக்கணும்" என்றார். மலையாளத்தில் நீரு என்றால் வீக்கம். அம்மா அதை எச்சில் நீர் என்று எடுத்துக்கொண்டார். வாயில் நீர் வந்தால் துப்ப வேண்டும் போல என்று நினைத்து, கொண்டை ஊசி வளைவு நெடுகிலும் ஜீப் ஓரமாகத் துப்பிக்கொண்டே இறங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் புண் ஆறட்டும் என்று கொதிக்கக் கொதிக்க உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். நானே அடுப்பில் வைத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் பரவாயில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலி காது வரை ஏறி, பொட்டு வரை இழுக்கிறது என்றார். வாயைத் திறந்தால் நாற்றம். செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பாக ரத்தம் உறைந்திருக்க வேண்டிய குழி காலியாக, அடியில் சாம்பல் வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

காலையில் கம்பத்தில் பல் டாக்டரிடம் போனோம். ட்ரை சாக்கெட் என்றார். பல் எடுத்த குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் எலும்புக்கும் நரம்பு முனைக்கும் மூடி. புதுச் சதை வளர்வதும் அதன் மேல்தான். துப்பினாலும், உறிஞ்சினாலும், வேகமாகக் கொப்பளித்தாலும் அது பிய்ந்து வந்துவிடும். குழியைக் கழுவி, கிராம்பு வாசனை அடிக்கும் மருந்துத் துணியைத் திணித்தார். அரை மணி நேரத்தில் அம்மா முகம் மாறியது. அப்புறம் இரண்டு தடவை துணி மாற்றினார். எத்தனையோ வேலை நாள் போனது. எல்லாம் இரண்டு வார்த்தை புரியாததால். அந்த டாக்டரைக் குறை சொல்ல மனமில்லை, ஆனால் புரிந்ததா என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். நீங்களும் எல்லை தாண்டித்தான் போகிறீர்கள் என்றால், டாக்டர் சொல்வதை அப்பா தமிழில் திருப்பிச் சொல்லட்டும். அல்லது போனில் உங்களிடம் ஒரு நிமிடம் பேசச் சொல்லுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

ஆகவே, பல் எடுத்தபின் வைக்கும் பஞ்சை முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. எச்சிலை விழுங்கிவிடலாம். அதில் லேசாகச் சிவப்பு கலந்திருப்பது ஒரு நாள் வரை சாதாரணம். முதல் 24 மணி நேரம் துப்புவது, கொப்பளிப்பது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது, பீடி, வெற்றிலை எதுவும் கூடாது. பீடியும் புகையிலையும் இன்னும் சில நாள் தள்ளினால் மிக நல்லது. ரத்தம் நிற்காமல் ஊறினால் புதுப் பஞ்சை மடித்து வைத்து மறுபடி அரை மணி நேரம் கடிக்கட்டும். பஞ்சு கையில் இல்லையென்றால், டீ பேக்கை நனைத்துப் பிழிந்து வைத்துக் கடிக்கலாம். தேயிலையின் துவர்ப்பு ரத்தத்தை உறைய உதவும். அதற்கும் நிற்கவில்லையென்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

வீக்கம் இரண்டு மூன்று நாள் கூடித்தான் குறையும். முதல் நாள் ஐஸை ஒரு துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைத்து, கால் மணி நேரம் விட்டு, மறுபடி வையுங்கள். மரப்பு போகும்வரை எதையும் மெல்ல வேண்டாம், உதட்டையும் கன்னத்தையும் கடித்துக்கொள்வார்கள். சாப்பாடு ஆறிய கஞ்சி, தயிர் சாதம், பாலில் ஊறிய இட்லி, கேழ்வரகுக் கூழ். இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். எங்கள் பக்கம் பன்னீர் திராட்சை சீசனில் வீடெல்லாம் கிடக்கும், அதன் விதை குழிக்குள் போய் மாட்டிக்கொள்ளும் என்பதால் அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்துத் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தானாக வழியவிட வேண்டும். கொப்பளித்துத் துப்பக் கூடாது. மற்ற பல்லை மெதுவாகத் துலக்கலாம்.

வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும், அதுதான் கணக்கு. குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ திரும்ப ஏறினால் மாத்திரையைக் கூட்டாமல் டாக்டரிடம் போங்கள். மேலே சதை மூட இரண்டு மூன்று வாரம், உள்ளே எலும்பு நிரம்ப மாதக் கணக்கில் ஆகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இன்னும் தாமதமாகும்.

இன்னொன்று, விழுந்தோ அடிபட்டோ நிலைப்பல் முழுசாக வெளியே வந்துவிட்டால் அது வேறு அவசரம். வேரைத் தொடாமல், கடிக்கிற பக்கத்தைப் பிடித்து எடுத்து, அழுக்கை லேசாக அலசி, அதே குழியில் வைத்து அழுத்துங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் ஓடுங்கள். பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது.

நாளைக்கு அப்பா வெறும் வயிற்றோடு போக வேண்டாம். ஊசி போட்டு மரக்கவைத்து எடுப்பதற்கு அது தேவையில்லை. வழக்கம்போல் காலைச் சாப்பாடும் சர்க்கரை மாத்திரையும் முடித்துவிட்டு, சாப்பிடும் எல்லா மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். இதயத்தில் செயற்கை வால்வு இருந்தாலும், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டிருந்தாலும் அதையும் சொல்லுங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, பஞ்சைக் கடித்திருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.